பிள்ளைக்கு மூச்சுத் திணறல், அப்பனிடம் கேட்பது சான்று

எண்ணூரில் ஒரு அக்கா. பெயர் வேண்டாம். காண்ட்ராக்டில் துப்புரவு வேலை செய்கிறார். அவர் வீட்டுக்காரர் நிலக்கரி இறக்கும் இடத்தில் கூலி, அதுவும் காண்ட்ராக்ட்தான். அவர்களுடைய ஆறு வயதுப் பையனுக்குக் குளிர் தொடங்கினால் வீசிங்கும் தொடங்கிவிடும். ஒரு நாள் இரவு பதினோரு மணிக்கு எனக்குப் போன் வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் பக்கத்திலிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் பையனுக்கு நெபுலைசர் வைத்திருந்தார்கள். அக்கா கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. எல்லாம் லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருந்தார்.

"இந்த அட்டை செல்லாதாம் தம்பி. அட்மிட் பண்ணி, அவங்க லிஸ்ட்ல இருக்குற வைத்தியம்னாதான் செல்லுமாம். இதுக்குக் காசு கட்டணுமாம்."

"ஈ.எஸ்.ஐ. இல்லையாக்கா?"

"சம்பளத்துல புடிக்கிறாங்க. நம்பர் கேட்டா வரும் வரும்னு சூப்பர்வைசர் சொல்றான். ரெண்டு வருசமாச்சு."

அரசாங்கக் கணக்கில் அந்தப் பையனுக்கு இரண்டு காப்பீடு. அன்றைக்கு இரவு அவனுக்கு ஒன்றுகூட இல்லை. இது எப்படி வந்தது? யாரோ ஒரு சூப்பர்வைசரின் அயோக்கியத்தனம் என்று முடித்துவிடலாம். முடித்தால் நாளைக்கு இன்னொரு பையன், இன்னொரு சூப்பர்வைசர். இதற்குப் பின்னால் எண்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் நம் தலைவர்களின் பெயரும் இருக்கிறது. ஆகவே நம் தம்பி தங்கைகள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கஞ்சித்தொட்டியில் சான்று கேட்கவில்லை

வடசென்னையில் வயதானவர்கள் ஸ்டான்லி மருத்துவமனையை இன்றும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். 1782இல் போரும் பஞ்சமும் சேர்ந்து கிராமத்து மக்களைச் சென்னைக்குத் துரத்தியபோது, பசித்து வந்தவர்களுக்குத் தொட்டியில் கஞ்சி ஊற்றிய சத்திரம் அது. மணியக்காரர் சத்திரம் என்று பெயர். 1799இல் அங்கேயே ஒரு மருத்துவமனை தொடங்கியது. 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆனது.

கம்பெனி ஆட்சியின் தர்மத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. தர்மம் உரிமை ஆகாது. இன்று ஊற்றுகிறவன் நாளை ஊற்றாமல் போகலாம். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தொட்டி முன்னால் நின்ற பிள்ளையிடம் கேட்ட ஒரே கேள்வி பசிக்கிறதா என்பதுதான். அப்பா எங்கே வேலை செய்கிறார், அவர் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்ற கேள்விகள் காப்பீடு என்ற ஒன்று வந்த பிறகே வந்தன.

பாபாசாகேப் இருந்த துறையில்

1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். எட்டு மணி நேர வேலைக்காக மே தினத்தில் அவரை நினைக்கிறோம். அவர் பொறுப்பிலிருந்த அதே காலத்தில், 1943 மார்ச்சில், பேராசிரியர் பி.பி. அதர்க்கரிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டது: இந்தியத் தொழிலாளர்களுக்கு ஒரு நோய்க் காப்பீட்டுத் திட்டம் எழுதித் தரவேண்டும். 1944 ஆகஸ்டில் அதர்க்கர் அறிக்கையைக் கொடுத்தார். இன்று நாம் ஈ.எஸ்.ஐ. என்று சொல்வதன் விதை அதுதான்.

1946இல் இடைக்கால அரசில் தொழிலாளர் துறைக்கு வந்தவர் பாபு ஜெகஜீவன் ராம். அந்த ஆண்டு நவம்பரில் மசோதா வந்தது. 1948 ஏப்ரலில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. அம்பேத்கருக்கும் ஜெகஜீவன் ராமுக்கும் அரசியலில் ஒத்துவராது என்பது வேறு கதை. இந்தியாவின் முதல் பெரிய சமூகக் காப்பீடு அடுத்தடுத்து இரண்டு தலித் தலைவர்களின் மேசை வழியாக வந்தது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் நம் பிள்ளைகளுக்குச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

சரி, அந்தத் திட்டம் யாருக்கு? இங்கேதான் கோடு விழுகிறது. அதர்க்கர் திட்டம் ஆண்டு முழுவதும் ஓடும் ஆலைகளுக்கு மட்டும். அதிலும் துணி, பொறியியல், உலோகம்-கனிமம் என்ற மூன்று தொழில்களுக்கு மட்டும். 1948 சட்டம் தொழில்களை விரித்தது. ஆனாலும் மின்விசையில் ஓடுகிற, 20 பேருக்குக் குறையாத, பருவகால வேலை அல்லாத ஆலைகள் என்று நிறுத்திக்கொண்டது. மாதச் சம்பளம் 400 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். காப்பீடு என்றால் சந்தா உண்டு. சம்பளப் பட்டியல் ஒழுங்காக இருக்கும் இடத்தில்தான் சந்தா பிடிக்க முடியும். கணக்கு அப்படி.

அந்தக் கணக்கில் தப்பிப்போனவர்கள் யார்? துறைமுகத்தில் அன்றாடக் கூலிக்கு மூட்டை தூக்கியவர். மீன்கூடை சுமந்தவர். கட்டை வண்டி இழுத்தவர். தெருக் கூட்டியவர். மலம் அள்ளியவர். எந்த வேலை யாருக்கு என்று சாதி முன்பே பிரித்து வைத்திருந்த நாட்டில், 'ஆலைத் தொழிலாளி' என்று கோடு போட்டால் அந்தக் கோட்டுக்கு வெளியே யார் அதிகம் நிற்பார்கள் என்று கேட்க ஆய்வு வேண்டியதில்லை. சட்டம் சாதிப் பெயரை எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை.

கோட்டுக்கு உள்ளே இருந்தவர்களின் பிள்ளைகள்? அவர்களும் வெளியேதான். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் ஈ.எஸ்.ஐ. தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 1955இல் வந்தது. அப்போது வைத்தியம் தொழிலாளிக்கு மட்டும். குடும்பத்தைச் சேர்க்கத் தொடங்கியது 1958இல்தான். ஆறு ஆண்டுகள், அப்பனுக்கு மருந்து உண்டு, அவன் இடுப்பில் இருந்த பிள்ளைக்குக் கிடையாது. உழைக்கிற உடம்பைப் பழுது பார்ப்பதுதான் முதல் கவலை. பிள்ளை பின்னால் சேர்த்த பெயர்.

அதே பத்தாண்டில் இன்னொரு பாதை

இதே நேரத்தில் இன்னொரு குழுவும் வேலை செய்துகொண்டிருந்தது. 1943இல் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கை தந்த போர் குழு. சென்னையின் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் அதில் ஓர் உறுப்பினர். காசு இல்லை என்ற காரணத்துக்காக யாருக்கும் தகுந்த வைத்தியம் கிடைக்காமல் போகக்கூடாது என்பது அந்த அறிக்கையின் அடிப்படை. சந்தாவும் வேண்டாம், சம்பளப் பட்டியலும் வேண்டாம். அரசு தன் வருவாயிலிருந்து ஊர் ஊருக்கு ஆரம்ப சுகாதார நிலையம் கட்ட வேண்டும் என்றார்கள்.

பிரிட்டன் அந்த வழியில்தான் போனது. நம் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்த அதே 1948இல், ஜூலை 5 அன்று, அங்கே வரிப்பணத்தில் நடக்கும் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைக்கும் பிரபுவின் பிள்ளைக்கும் ஒரே டாக்டர். நாம் இரண்டு பாதையிலும் ஒவ்வொரு கால் வைத்தோம். அரசு மருத்துவமனைகள் கட்டினோம், பணம் போதுமான அளவு போடவில்லை. காப்பீடு கொண்டுவந்தோம், எல்லாருக்கும் கொண்டுவரவில்லை. தமிழ்நாடு மற்ற பல மாநிலங்களைவிட அரசு மருத்துவமனைகளை நன்றாகவே வளர்த்தது. ஸ்டான்லியும், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையும், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் இல்லையென்றால் நம்மில் பலர் இன்று இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டோம். அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் இரவு பதினோரு மணிக்கு எண்ணூரிலிருந்து ஸ்டான்லி எவ்வளவு தூரம் என்பதை, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போனவர்களிடம் கேளுங்கள்.

காண்ட்ராக்டர் என்ற சுவர்

அறுபதுகளில் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் வந்தன. எண்ணூரில் 1970இல் அனல் மின் நிலையம் வந்தது. ஆலை வந்தால் வேலை வரும், வேலை வந்தால் ஈ.எஸ்.ஐ. வரும் என்று நம் தாத்தாக்கள் நம்பினார்கள். நிரந்தர வேலை கிடைத்த சில வீடுகளில் அப்படியே நடந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் படித்தார்கள், மேலே வந்தார்கள். ஆலை வாசலில் காண்ட்ராக்டர் பெயரில் நின்றவர்களின் வீட்டில் அப்படி நடக்கவில்லை.

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1948 சட்டம் காண்ட்ராக்ட் தொழிலாளியை வெளியே தள்ளவில்லை. அதன் 40ஆம் பிரிவு தெளிவாகச் சொன்னது: நேரடி ஆளாக இருந்தாலும் காண்ட்ராக்டர் மூலம் வந்த ஆளாக இருந்தாலும், சந்தாவை முதலில் கட்ட வேண்டியவர் முதன்மை முதலாளி. 41ஆம் பிரிவின்படி அதை அவர் காண்ட்ராக்டரிடம் பிறகு வசூலித்துக்கொள்ளலாம். முதன்மை முதலாளி கட்டாமல் விட்டதால் தொழிலாளிக்குப் பலன் கிடைக்காமல் போனால், கழகமே பலனைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்க 68ஆம் பிரிவு வழி வைத்திருந்தது. எழுதியவர்களுக்கு நம் நாடு தெரிந்திருந்தது.

பிறகு நீதிமன்றம் வந்தது. கல்கத்தா மின்விநியோக நிறுவனத்துக்காகச் சாலை தோண்டிக் கேபிள் பதித்த காண்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1991இல் தீர்ப்பு. வேலை முடிந்த பிறகு நிறுவனம் அதைச் சரிபார்க்கிறது என்பது மட்டும் 'மேற்பார்வை' ஆகாது, ஆகவே இவர்கள் நிறுவனத்தின் தொழிலாளர்கள் இல்லை என்றது பெரும்பான்மை. ஒரு நீதிபதி மறுத்தார்: கே. ராமசாமி. உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த மிகச் சில தலித் நீதிபதிகளில் ஒருவர். தொழிலாளியின் உடல்நலம் அடிப்படை மனித உரிமை, அதை ஒப்பந்தத்தின் ஓட்டையில் நழுவவிட முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். அன்றைக்கு அவர் தனி ஆள். 1995இல் கல்நார் தொழிலாளர் வழக்கில் அவரே எழுதிய தீர்ப்பு, தொழிலாளியின் உடல்நலத்தை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவோடு சேர்த்து அடிப்படை உரிமை என்று நிலைநாட்டியது. சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் இந்த இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள்.

வடசென்னையில் நடந்தது பெரும்பான்மைத் தீர்ப்பின் கதைதான். 1996இல் பெரம்பூர் பின்னி ஆலை மூடப்பட்டது. சிறிய ஆலைகள் பல மூடின. வேலை போனால் காப்பும் போகும். அப்பா நிரந்தரத் தொழிலாளி, மகன் காண்ட்ராக்ட் தொழிலாளி, பேரன் டெலிவரி வண்டி ஓட்டுகிறான் என்ற வீடுகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. மூன்று தலைமுறையில் காப்பு ஏற வேண்டியது, இறங்கியிருக்கிறது.

அட்டை வந்தது

ஈ.எஸ்.ஐ. எட்டாத வீடுகளுக்கு மாநில அரசின் அட்டை வந்தது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம்: ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருந்தால் ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கு 1 லட்சம் வரை. நடத்தியது ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனம். 2012 ஜனவரியில் ஜெயலலிதா அரசு அதை மாற்றி, பொதுத்துறை நிறுவனம் வழியாக, ஆண்டுக்கு 1 லட்சம், சில சிகிச்சைகளுக்கு ஒன்றரை லட்சம் என்று ஆக்கியது. 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து 5 லட்சம் ஆனது. 2022 ஜனவரியில் புதுப்பித்தபோது வருமான வரம்பு 1,20,000 ஆனது.

இந்த அட்டையை நான் இகழ மாட்டேன். இதயத்தில் ஓட்டையோடு பிறந்த பிள்ளைக்கு அறுவை சிகிச்சை, காது கேளாமல் பிறந்த பிள்ளைக்குக் காக்ளியர் கருவி: இவை முன்பு நம் தெருவில் கற்பனைக்கும் எட்டாதவை. இன்று அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். இதைக் கொண்டுவந்த அரசுகளுக்கு, கட்சி பார்க்காமல், நன்றி சொல்லலாம்.

ஆனால் கணக்கையும் பார்ப்போம். ஆண்டுக்கு 1,20,000 என்றால் மாதம் 10,000. கணவன், மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிற எந்தக் குடும்பம் சென்னையில் மாதம் பத்தாயிரத்தில் வாழ்கிறது? இன்னொரு பக்கம், 2017 முதல் ஈ.எஸ்.ஐ. சம்பள வரம்பு மாதம் 21,000. காகிதத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துகிறது: பத்தாயிரத்துக்குக் கீழே இருப்பவருக்கு அட்டை, அதற்கு மேலே இருபத்தோராயிரம் வரை ஈ.எஸ்.ஐ. காண்ட்ராக்டர் நம்பர் வாங்கித் தராத வீட்டுக்கு என்ன? அவர்கள் அட்டைக்குப் பணக்காரர்கள், ஈ.எஸ்.ஐ.க்கு ஆளே இல்லாதவர்கள்.

அப்புறம் என்ன நடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். வருமானத்தைக் குறைத்து எழுதிச் சான்று வாங்குகிறார்கள். வாங்காமல் என்ன செய்வார்கள்? உண்மையைச் சொன்னால் பிள்ளைக்கு வைத்தியம் இல்லை என்று ஒரு விதியை வைத்துவிட்டு, ஏழையைப் பொய் சொல்கிறான் என்று ஏசுவது நம் ஊர் வழக்கம். அந்தப் பொய்க்கு ஒரு விலையும் இருக்கிறது. சான்றுக்கு அலையும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி. கையெழுத்துப் போடும் அதிகாரி முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். பிள்ளையின் உயிர் யாரோ ஒருவரின் கருணையில் தொங்கும். கஞ்சித்தொட்டியின் தர்மத்தைக் கடந்து உரிமைக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தோம். வந்து சேர்ந்தது கையெழுத்துக்குக் காத்திருக்கும் வரிசைக்கு.

அட்டை பார்க்காத நோய்

அக்காவின் பையனுக்கு வருவோம். அவன் நோய் படுக்கையில் கிடக்கும் நோய் இல்லை. வந்து போகிற, வந்துகொண்டே இருக்கிற நோய். வேண்டியது இன்ஹேலர், தொடர்ந்து பார்க்கும் ஒரு டாக்டர், தூசி இல்லாத காற்று. காப்பீட்டு அட்டை இது மூன்றையும் தராது. அது மருத்துவமனையில் சேர்த்து, பட்டியலில் உள்ள சிகிச்சை செய்தால் பணம் கட்டும். நோய் முற்றும் வரை அட்டைக்குக் கண் தெரியாது.

இந்தத் தூசிக்கும் ஒரு வரலாறு உண்டு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளப்பட்ட காலத்தில் ராயபுரத்து வீடுகளில் வெள்ளைத் துணி காயப்போட முடியாது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சரக்குகளை அங்கே கையாளக் கூடாது என்றது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. ராயபுரத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. நல்லது. ஆனால் தூசி ஒழியவில்லை, முகவரி மாறியது. ஏற்கெனவே அனல் மின் நிலையச் சாம்பலோடு இருந்த எண்ணூர், அத்திப்பட்டு, செப்பாக்கம் பக்கத்துப் பிள்ளைகளின் நெஞ்சில் அதுவும் சேர்ந்தது. அந்த மாற்றத்தோடு அந்த ஊர்களுக்கு ஒரு குழந்தைகள் மருத்துவமனையும் வந்திருக்க வேண்டாமா?

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் ஓடினார்கள். 50 பேருக்கும் மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாயு நெடியால் மாணவிகள் மயங்கி விழுந்தார்கள். சில நாள் கழித்துப் பள்ளி திறந்ததும் மறுபடியும் நடந்தது. இப்படிப்பட்ட நாட்களில் எல்லாரும் வருகிறார்கள்: அமைச்சர், அதிகாரி, கேமரா, ஆம்புலன்ஸ். மற்ற நாட்களில் அந்தப் பிள்ளைகளின் நெஞ்சு யார் கணக்கில் வருகிறது?

பிள்ளை பெயரில் ஒரு உரிமை

இந்த இடைவெளி நமக்கு மட்டும் வந்த நோய் இல்லை. அமெரிக்காவில் ஏழைகளுக்கான மெடிக்கெய்டுக்கு வருமானம் கூடுதல், தனியார் காப்பீடு வாங்கக் குறைவு என்று நடுவில் விழுந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்காக 1997இல் ஒரு தனிக் காப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தார்கள். லட்சக்கணக்கான பிள்ளைகள் பலன் பெற்றார்கள். ஆனால் 2017 செப்டம்பர் இறுதியில் அதன் நிதி அனுமதி முடிந்தது; 2018 ஜனவரி வரை நாடாளுமன்றம் புதுப்பிக்கவில்லை. அந்த மாதங்களில் பெற்றோர் எப்படி இருந்திருப்பார்கள்! ஏழைக்கென்று தனியாகப் பிரித்து வைத்ததை நிறுத்துவது சுலபம். தாய்லாந்து 2002இல் வேறு வழியில் போனது. மற்ற திட்டங்களில் வராத எல்லாரையும், ஏழையா என்று கேட்காமல், வரிப்பணத்தில் ஒரே திட்டத்தில் சேர்த்தது. புறநோயாளி வைத்தியமும் அதில் உண்டு.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம்மிடமே முன்மாதிரி இருக்கிறது. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. 1956இல் காமராசர் அதை மாநிலத்துக்கு விரித்தார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். பின்னால் முட்டை வந்தது, 2022இல் காலை உணவு வந்தது. அந்த வரிசையில் நிற்கும் பிள்ளையிடம் அப்பாவின் சம்பளச் சீட்டைக் கேட்பதில்லை. தட்டோடு வந்தால் போதும். சத்துணவு சமைக்கத் தலித் பெண்ணை வைத்தால் சண்டை போட்ட ஊர்களும் உண்டு என்பதை மறக்கவில்லை. ஆனாலும் அந்தத் திட்டத்தின் தத்துவம் சரி: உரிமை பிள்ளையுடையது. சோற்றுக்கு இதைச் செய்யத் தெரிந்த மாநிலத்துக்கு மருந்துக்கும் செய்யத் தெரியும்.

இந்தக் கட்டுரை கேட்பது இதைத்தான். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும், அப்பன் காகிதமும் அம்மா காகிதமும் கேட்காமல், பிறப்புச் சான்று ஒன்றே போதும் என்று வைத்தியம் வேண்டும். புறநோயாளி வைத்தியமும் இன்ஹேலரும் அதில் இருக்க வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பெரியவர்களின் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதே பணியாளர் கையில் எண்ணூர்ப் பிள்ளையின் இன்ஹேலரையும் கொடுத்தால் என்ன?

இன்றைக்குச் செய்யக்கூடியவை

கோரிக்கை நிறைவேறும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். உங்கள் தெருவில் காண்ட்ராக்ட் வேலை செய்பவர்களின் சம்பளச் சீட்டைப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் காப்பு எண்ணைக் கேட்டு எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். ஒரு பிரதி ஈ.எஸ்.ஐ. அலுவலகத்துக்குப் போகட்டும். மனுவில் காண்ட்ராக்டர் பெயரோடு முதன்மை முதலாளியின் பெயரையும் எழுதுங்கள். எண் வந்தவுடன் பிள்ளைகளின் பெயர் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் இரண்டாவது பிள்ளை பெயர் விடுபட்டிருக்கும். தேசியச் சிறார் நலத் திட்டத்தில் 2013 முதல் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். உங்கள் அங்கன்வாடிக்குக் கடைசியாக எப்போது வந்தார்கள் என்று பதிவேட்டைப் பார்த்துக் கேளுங்கள்.

2025 ஆகஸ்ட் 1 முதல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். நிரந்தர வேலை கேட்கிறார்கள், பேராசை என்று சிலர் எழுதினார்கள். அந்த அம்மாக்கள் கேட்டதில் ஒரு பாதி அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கானது என்பது அவர்களுக்குப் புரியவில்லை. நிரந்தர வேலை என்றால் சம்பளம் மட்டும் இல்லை. குடும்பத்தோடு சேர்ந்து வரும் மருத்துவக் காப்பும்தான். இந்த நாட்டில் பிள்ளைக்கு வைத்தியம் அம்மாவின் வேலை உத்தரவு வழியாக வருகிறது என்றால், வேலை உத்தரவுக்காக அம்மா தெருவில் உட்காரத்தான் செய்வாள்.

அன்றைக்கு இரவு நான்கு பேரிடம் வாங்கிப் பணம் கட்டினோம். விடியும் நேரத்தில் பையனுக்கு மூச்சு சீரானது. அக்கா அந்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, மறுபடியும் கவரில் வைத்தார். "எதுக்கும் இருக்கட்டும் தம்பி" என்றார். அடுத்த வாரம் அவருடைய சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு ஒரு மனு எழுதினோம். அதில் இரண்டு முதலாளிகளின் பெயரும் இருக்கிறது. பையனின் பெயரையும் வயதையும் முதல் வரியிலேயே எழுதச் சொன்னார் அக்கா. அவர் சொன்னதுதான் சரி.

ஜெய் பீம்.